ஒரே கணினியில் இரண்டாவது பணிசெயல் முறைமை: அடிக்கடி நின்றுபோனால் எந்த வழிக்கு மாறுவது?

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதில் இருந்து ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களில் இருந்து என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு மாணவி கேட்டார். ஒலுவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டார். கல்முனையில் அச்சகம் நடத்தும் ஒருவரும் கேட்டார். விண்டோஸ் உள்ள கணினியில் இரண்டாவதாக இன்னொரு பணிசெயல் முறைமையை, பெரும்பாலும் லினக்ஸ் என்னும் இலவச முறைமையை, ஓட்ட வேண்டியிருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது உறைந்துவிடுகிறது, அல்லது கணினியே அணைந்துவிடுகிறது. இப்போதுள்ள முறையைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா என்பதே மூவரும் கேட்டது.

சில இடங்களில் தீரும். சில இடங்களில் பழைய தொல்லையோடு புதியதொன்றும் சேர்ந்துகொள்ளும். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் வன்வட்டைப் பிரித்து லினக்ஸ் நிறுவியவர்கள், ஒரு கிழமைக்குள் விண்டோஸையும் இழந்து வந்து நின்றதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்பீட்டுக்குப் போகுமுன் ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன்.

## மாறுவதற்கு முன்: நிற்பது எது?

கணினி எப்படி நிற்கிறது என்பதே முதற் சாட்சி. நீலத்திரை எதுவும் காட்டாமல், விளக்கை அணைத்ததுபோல முழுக் கணினியும் இருண்டுவிட்டால், வெப்பம், மின்வழங்கி, பழுதான மின்கலம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் நலமாக ஓடிக்கொண்டிருக்க, லினக்ஸ் ஓடும் சாளரம் மாத்திரம் மூடிக்கொண்டால், கோளாறு பெரும்பாலும் அந்தச் சாளரத்தின் அமைப்புகளுக்குள் இருக்கும். லினக்ஸ் சாளரம் திறந்திருக்கும்போது மட்டும் விண்டோஸ் நீலத்திரை காட்டினால், ரேம் பழுதாக இருக்கலாம், அல்லது ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓடவிடும் மெய்நிகராக்க வசதிக்காக இரண்டு மென்பொருள்கள் போட்டியிடலாம்.

விண்டோஸில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கேர்னல் பவர் 41 என்ற பதிவு பலருக்குத் தென்படும். அதைப் பார்த்துப் பயப்படுவோர் உண்டு. கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. ஆனால் அதன் விவரப் பகுதியில் பிழைக்குறியீடு 0 என்று இருந்தால், விண்டோஸுக்குப் பிழையை எழுதிவைக்கவே அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். அது மின்சாரத்தையோ வெப்பத்தையோ நோக்கி விரல் நீட்டுகிறது.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. ஒரு பென்ட்ரைவில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல், பென்ட்ரைவில் இருந்தே இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக நின்றுபோகும் நேரத்திலேயே, ஒரு காணொளியையும் ஓடவிட்டுச் செய்யுங்கள். அதிலும் கணினி அணைந்தால் குற்றம் வன்பொருளில் இருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். எந்த முறைக்கு மாறினாலும் அது தொடரும். அப்போது மெம்டெஸ்ட் என்னும் கருவியால் ரேமை ஓர் இரவு முழுவதும் சோதிப்பதும், விசிறியைத் துப்புரவு செய்விப்பதும், வன்வட்டின் உடல்நிலையைப் பார்ப்பதுமே செய்ய வேண்டியவை.

வந்தாறுமூலை மாணவியின் மடிக்கணினி மத்தியானத்தில் மட்டுமே நின்றது. "பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் சேர், காலையில ஒண்டும் இல்ல" என்றார். அடிப்பக்க மூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசும் கடற்கரை மணற்பொடியும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல ஒரு படை. விரலால் உரித்தபோது அது முழுசாகக் கழன்று வந்தது. செயலி 100 பாகை செல்சியஸை அண்மித்ததும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கச்சான் வீசும் மத்தியானத்தில், தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்த மடிக்கணினிக்கு இது நடப்பதில் வியப்பில்லை. அவரது கணினியில் இன்னொரு கோளாறும் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

வன்பொருள் நலமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே தெரிவு பற்றிப் பேசலாம். இணையத்தில் உள்ள ஒப்பீடுகள் வேகத்தை முதலிடத்தில் வைக்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து கேட்பவர்களுக்கு நான் வேறு வரிசையைச் சொல்வேன்.

முதலாவது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. இரண்டாவது, உள்ள ரேம் போதுமா என்பது. இங்கு மாணவர் கைகளில் இருப்பவை பெரும்பாலும் 8 ஜிபி, சிலவேளை 4 ஜிபி கொண்ட, கைமாறி வந்த மடிக்கணினிகள். மூன்றாவது, ஏதாவது பிழையாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது. நான்காவது, செய்யவேண்டிய வேலைக்கு வன்பொருளோடு நேரடித் தொடர்பு தேவையா என்பது. ஐந்தாவது, இரண்டு முறைமைகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டுமா என்பது. வேகம் ஆறாவதாக வரட்டும்.

## மெய்நிகர் பொறி

விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் இன்னொரு கணினி ஓடுவதுபோன்ற ஏற்பாடு இது. வேர்ச்சுவல் பொக்ஸ் இதில் அதிகம் புழங்குவது. விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். தொடங்குவது இலகு, அழிப்பதும் இலகு; வட்டில் விண்டோஸுக்கென்று ஒதுக்கிய எந்தப் பகிர்வையும் தொடவேண்டியதில்லை. ஒரு நிலையை ஸ்னாப்ஷொட் எடுத்து வைத்து, கெடுத்துவிட்டால் அங்கேயே திரும்பலாம் என்பது கற்பவர்களுக்குக் கிடைக்கும் பெரும் சுதந்திரம்.

நின்றுபோவதற்கான காரணங்களும் இதில்தான் அதிகம். முதற் காரணம் பேராசை. வந்தாறுமூலை மாணவியின் கணினியில் மொத்தம் 8 ஜிபி ரேம். அதில் 6 ஜிபியை மெய்நிகர் பொறிக்குக் கொடுத்திருந்தார், செயலியின் கருக்கள் (கோர்கள்) நான்கையும் கொடுத்திருந்தார். விண்டோஸ் 11 உம் ஓர் உலாவியுமே 4 ஜிபியை எளிதாக நிரப்பிவிடும். மீதி எங்கிருந்து வரும்? விண்டோஸ் வன்வட்டை ரேமாகப் பாவிக்கத் தொடங்கும், எல்லாம் உறையும். அமைப்புப் பக்கத்தில் ரேம் அளவைக் காட்டும் கோடு பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். அந்தச் சிவப்பு அலங்காரத்துக்காகப் போடப்பட்டதன்று. 3 ஜிபியும் இரண்டு கருக்களும் கொடுத்து, முப்பரிமாண முடுக்கத்தை நிறுத்தி, உபுண்டுவுக்குப் பதில் இலேசான சுபுண்டுவை நிறுவியபின் அது நிற்கவில்லை.

இரண்டாவது காரணம் பச்சை ஆமை. வேர்ச்சுவல் பொக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் ஒரு சிறு பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வி ஏற்கெனவே செயலியின் வசதியைப் பிடித்துக்கொண்டது என்றும், வேர்ச்சுவல் பொக்ஸ் அதன் முதுகின்மேல் ஏறி ஓடுகிறது என்றும் பொருள். 6.0 பதிப்பில் இருந்துதான் இப்படி ஓட முடிகிறது. அதற்கு முன் ஓடவே மறுக்கும். ஓடினாலும் மெதுவாகும், சில கணினிகளில் காரணம் தெரியாமல் நிற்கும். ஒலுவில் தம்பிக்கு இதுதான். ஒரு பாடத்துக்காக, அடுத்த பகுதியில் நான் சொல்லவிருக்கும் டபிள்யூஎஸ்எல்லை நிறுவியிருந்தார், இன்னொன்றுக்காக மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து ஓட்டும் டொக்கர், மூன்றாவதற்காக வேர்ச்சுவல் பொக்ஸ். முதலிரண்டும் ஹைப்பர்-வி அடுக்கை எழுப்பிவிட, மூன்றாவது அடிபட்டது. எதையும் நிறுவாத புதிய விண்டோஸ் 11 கணினிகளிலும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இதே அடுக்கை எழுப்பலாம். அதை அணைத்தால் ஆமை போய்விடக்கூடும், ஆனால் ஒரு பாதுகாப்புக் கதவும் திறக்கும். வங்கி வேலை செய்யும் கணினியில் அதை அணைக்கும்படி நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது காரணம் வட்டு நிறைதல். மெய்நிகர் வட்டுக்கு 50 ஜிபி என்று எழுதினாலும் அது தொடக்கத்தில் சில ஜிபிதான் பிடிக்கும். பின் மெல்ல வளரும், ஸ்னாப்ஷொட்டுகளும் அதோடு வளரும். விண்டோஸ் பகிர்வில் இடம் தீர்ந்ததும் பொறி இடைநிறுத்தப்படும். பலர் இதைக் கிராஷ் என்று நினைத்துக் கணினியை மீளத் தொடக்குகிறார்கள். இடத்தைக் காலிசெய்துவிட்டுத் தொடர்ந்தாலே போதும்.

சிவப்புக் குறியோடு குரு மெடிட்டேஷன் என்று ஒரு செய்தி வந்தால் அது வேறு. வேர்ச்சுவல் பொக்ஸால் தாங்கமுடியாத பிழை நேர்ந்திருக்கிறது. பொறியின் கோப்புறைக்குள் லொக்ஸ் என்ற கோப்புறை இருக்கும். கடைசி ஓட்டத்தின் பதிவோடு அதற்கு முந்தியவையும் அங்கே இருக்கும். அந்தப் பதிவின் இறுதிப் பகுதியைப் படிக்காமல் பொறியை அழித்து மீள நிறுவுவது, மருத்துவர் வருமுன் அறிக்கையைக் கிழித்துப் போடுவது போன்றது.

இனி மறைந்திருக்கும் செலவு. கரண்ட் போகும்போது மெய்நிகர் பொறி அடையும் சேதம் மற்ற முறைகளைவிட அதிகம். லினக்ஸ் தன் கோப்பு முறைமைக்குள் எழுதுகிறது. அந்தக் கோப்பு முறைமை முழுவதும் விண்டோஸின் பார்வையில் ஒரே ஒரு பெரிய கோப்பு. லினக்ஸ் 'இப்போதே வட்டில் எழுது' என்று இடும் கட்டளையை, வேகத்துக்காக, வேர்ச்சுவல் பொக்ஸ் இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே எழுதிவிட்டதாக லினக்ஸ் நம்பியது விண்டோஸின் ரேமிலேயே தங்கியிருக்கலாம். கல்லடியில் என் வீட்டில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், ஒரு மார்கழி மழை மாலையில் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. முதல் இரண்டு தடவையும் பொறி எழுந்துவிட்டது. மூன்றாவது தடவை, 38 ஜிபி கோப்பு அப்படியே இருந்தது. உள்ளே எதுவும் திறக்கவில்லை. நான்கு மாத வேலை அதற்குள் இருந்தது. அன்று முதல் மெய்நிகர் பொறிக்குள் எந்த வேலையையும் நான் தங்கவிடுவதில்லை. பகிர்ந்த கோப்புறை வழியாக விண்டோஸ் பக்கத்திலோ, வெளியே, கோப்புகளைப் பதிப்புப் பதிப்பாகச் சேமிக்கும் ஒரு கிட் களஞ்சியத்திலோதான் வைக்கிறேன்.

இது சிறந்த தெரிவாகும் இடம்: 16 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கும், வலையமைப்புப் பாடத்துக்காக இரண்டு மூன்று கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கும், பழைய மென்பொருளை உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்களுக்கும்.

கல்முனை அச்சகக்காரர் அந்த மூன்றாவது வகை. பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாக அமைத்த திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும், பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக அவரிடம் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். பழைய கணினி செத்துவிட்டது, புதியதில் விண்டோஸ் 11. அவர் தேடிய இரண்டாவது முறைமை லினக்ஸ் அன்று, விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால் அதை இணையத்தில் விடுவது ஆபத்து. ஆனால் வலையிணைப்பை முற்றாக அணைத்த மெய்நிகர் பொறிக்குள் அது பத்திரமாக ஓடும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேமே தாராளம். அச்சிடுவதற்கு உள்ளே பிடிஎப் ஆக்கி வெளியே எடுத்துக்கொள்கிறார். இந்த வேலைக்கு வேறு எந்த முறையையும் நான் யோசிக்கவே இல்லை.

## டபிள்யூஎஸ்எல் 2

விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசொப்ட் தரும் லினக்ஸ் வசதி இது. உண்மையான லினக்ஸ் கருவே (கேர்னல்) உள்ளே ஓடுகிறது. 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து பொதுப் பாவனைக்கு வந்தது. ஹோம் பதிப்பிலும் ஓடும். பைதன், சி, வலைச் சேவையகம், தரவுத்தளம் என்று கட்டளைவரியில் முடியும் பாடங்களுக்கு இதைவிட உறுதியான வழி 8 ஜிபி கணினியில் இல்லை என்பது என் துணிபு. திரைச் சாரதியோ (டிரைவர்) ஒலிச் சாரதியோ நிறுவவேண்டியதில்லை. மெய்நிகர் பொறிகளை வீழ்த்தும் வரைகலைக் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கு எழுவதேயில்லை.

நிற்கும் இடங்கள் இரண்டுதான் எனக்கு அதிகம் தென்பட்டவை. ஒன்று, ரேம்: இயல்பாக மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. 8 ஜிபி கணினியில் பெரிய நிரலைத் தொகுக்கும்போது அது 4 ஜிபியையும் பிடித்துக்கொள்ள, உலாவி திணறும். பயனர் கோப்புறையில் ஓர் அமைப்புக் கோப்பு எழுதி 2 அல்லது 3 ஜிபியாகக் கட்டுப்படுத்தலாம். மற்றது, கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயோஸில் மெய்நிகராக்கம் அணைக்கப்பட்டிருப்பது. அப்படியானால் அது தொடங்கவே தொடங்காது.

மறைந்த செலவு, லினக்ஸ் பகுதியைத் தாங்கும் வட்டுக்கோப்பு வளரும், ஆனால் உள்ளே கோப்புகளை அழித்தாலும் இயல்பாகத் தானே சுருங்காது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் இது மெல்ல மெல்ல இடத்தைத் தின்னும். விண்டோஸ் பக்கத்துக் கோப்புறைகளில் வைத்து வேலை செய்தால் மிகவும் மெதுவாகும். லினக்ஸ் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கருவுக்குள் புகுந்து பயிலும் பணிசெயல் முறைமைப் பாடத்துக்கும், யூஎஸ்பி வழியாக நுண்கட்டுப்படுத்திகளோடு பேசும் வேலைக்கும் இது பொருந்தாது. மேலதிகக் கருவிகளால் சமாளிக்கலாம் என்றாலும் பரீட்சைக்கு முதல்நாள் அந்தச் சோதனை வேண்டாம்.

## டுவல் பூட்

வட்டைப் பிரித்து இரண்டையும் அருகருகே நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தெரிவுசெய்வது. ஓடும் முறைமைக்கு முழு ரேமும் முழுச் செயலியும் கிடைக்கும். ஆகவே மெய்நிகர் பொறி ரேம் போதாமல் நின்ற கணினிகளில் இது உண்மையிலேயே தீர்வு. கரண்ட் போனாலும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டை வைத்து அடுத்த தொடக்கத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நடுவில் இன்னொரு அடுக்கு இல்லாததால் இழப்பு பெரும்பாலும் கடைசிச் சில விநாடிகளின் வேலையோடு நின்றுவிடும்.

ஆனால் இங்கு நேரும் கோளாறுகள் குறைவானவையாக இருந்தாலும் கனமானவை. என்விடியா வரைகலை உள்ள மடிக்கணினிகளில் லினக்ஸோடு வரும் திறந்த சாரதி திரையை உறையவைப்பதுண்டு. தொடக்கப் பட்டியலில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து உள்ளே போய், நிறுவனத்தின் சாரதியை நிறுவினால் பெரும்பாலும் தீரும். உறைந்த லினக்ஸை ஆற்றலழுத்தியைப் பிடித்து அணைக்குமுன், ஆல்ட் விசையோடு பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திக்கொண்டு எஸ், யூ, பீ என்ற விசைகளை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று விநாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். வட்டில் எழுதிமுடித்து, கோப்பு முறைமையைப் பூட்டி, பிறகு மீளத் தொடங்கும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை.

விண்டோஸை விரைவாக எழுப்பும் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காமல் டுவல் பூட் செய்வது ஒரு பெரும் தவறு. அணைப்பதுபோலத் தெரிந்தாலும் விண்டோஸ் தன் கருவை வட்டில் உறங்கவைத்துவிட்டே போகிறது. அப்போது லினக்ஸ் பக்கத்தில் இருந்து விண்டோஸ் பகிர்வைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும். வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் சிதைய வாய்ப்புண்டு. அதேபோல, லினக்ஸுக்குப் போய்வந்த பின் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நிற்பதைப் பார்த்துத் தாய்ப்பலகை மின்கலம் போய்விட்டது என்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு. வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் வாசிக்கின்றன; நமக்கும் பொதுநேரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் அந்த ஐந்தரை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். கடிகாரம் தவறினால் பாதுகாப்பான வலைத்தளங்களும் திறக்க மறுக்கும் என்பதால் இதை அற்பமாக எண்ண வேண்டாம்.

அதைவிடக் கனமானது, வட்டைச் சாவியிட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸில், நம்பகமான முறைமையை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையோ தொடக்க ஒழுங்கையோ மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் கிடக்கிறது என்று தெரியாமல், கணினியை விற்ற கடைக்காரர் உருவாக்கிய கணக்கைத் தேடித் திரிந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன. வட்டைப் பிரிக்குமுன் சாவியைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் படம் எடுத்தாலும் கடதாசியும் இருக்கட்டும்.

இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு ஏற்பாடு செயற்பாட்டில் உள்ள சில மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக்கு வட்டே தெரியாது. ஏஎச்சிஐ ஏற்பாட்டுக்கு மாற்றினால் தெரியும், ஆனால் முன்னாயத்தமின்றி மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி வைத்துவிட்டே மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2024 ஓகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, டுவல் பூட் செய்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. பாவனையாளர் எந்தப் பிழையும் செய்யவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தே பலர் மீண்டார்கள். இரண்டு முறைமைகள் ஒரே தொடக்கப் பகிர்வைப் பங்கிடும்வரை இப்படியான இடர் முற்றாக நீங்காது.

இது சிறந்த தெரிவாகும் இடம்: 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகள், வரைகலைச் செயலியை முழுமையாகப் பாவிக்கும் வேலைகள், நாளின் பெரும்பகுதியை லினக்ஸிலேயே கழிக்கத் தீர்மானித்தவர்கள். சூம் வகுப்பை விண்டோஸில் கேட்டுக்கொண்டே லினக்ஸில் பயிற்சி செய்ய வேண்டியவருக்கு இது உதவாது.

## வெளி எஸ்எஸ்டியில் முழு லினக்ஸ்

யூஎஸ்பி 3 வழியாக இணையும் சிறு எஸ்எஸ்டியில் லினக்ஸை முழுமையாக நிறுவி, தேவைப்படும்போது மாட்டி ஓட்டுவது. முழு ரேம் கிடைக்கும், விண்டோஸ் வட்டைப் பிரிக்கவேண்டியதில்லை. பென்ட்ரைவையே நிரந்தரமாகப் பாவிக்க நினைப்பவர்களை நான் தடுப்பேன். சோதனைக்கு அது போதும், ஆனால் முறைமை ஓயாமல் சிறிது சிறிதாக எழுதிக்கொண்டிருப்பதை மலிவான பென்ட்ரைவ்கள் தாங்குவதில்லை, சில மாதங்களில் உறையத் தொடங்கும்.

இதில் நிற்பதற்கான முதற் காரணம் தளர்ந்த யூஎஸ்பி துளை. மடிக்கணினியைச் சற்று நகர்த்தியதும் இணைப்பு ஒரு கணம் விடுபட்டால், ஓடிக்கொண்டிருக்கும் முறைமை தன் வட்டையே இழக்கிறது. இன்னொரு சிக்கல் நிறுவும்போதே இருக்கிறது: வெளி வட்டைத் தெரிவுசெய்தாலும், உபுண்டு நிறுவி தொடக்க நிரலை உள்வட்டின் தொடக்கப் பகிர்வில் எழுதிவிடுவதுண்டு. பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸும் தொடங்காமல் கறுப்புத் திரையில் அந்தத் தொடக்க நிரலின் பெயரான கிரப் என்ற எழுத்து மட்டும் நிற்கும். முடிந்தால் நிறுவும்வரை உள்வட்டைப் பயோஸில் அணைத்துவைப்பது நல்லது.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | மெய்நிகர் பொறி | டபிள்யூஎஸ்எல் 2 | டுவல் பூட் | வெளி எஸ்எஸ்டி |
|---|---|---|---|---|
| கரண்ட் போனால் | முழு வட்டுக்கோப்பும் கெடலாம் | இடைநிலை | பெரும்பாலும் தானே மீளும் | மீளும். இணைப்பு தளர்ந்தால் தொல்லை |
| வசதியான ரேம் | 16 ஜிபி. இலேசான முறைமைக்கு 8 | 8 ஜிபி | 4 ஜிபி | 4 ஜிபி |
| பின்வாங்குதல் | கோப்பை அழித்தால் போதும் | மிக எளிது | கடினம் | கழற்றினால் போதும் |
| விண்டோஸுக்கு இடர் | மிகக் குறைவு | மிகக் குறைவு | அதிகம் | நிறுவும்போது மட்டும் |
| வன்பொருள் நேரடித் தொடர்பு | குறைவு | மிகக் குறைவு | முழுமை | முழுமை |
| இரண்டும் ஒரே நேரத்தில் | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| மேலதிகப் பணச்செலவு | ரேம் கூட்டினால் | இல்லை | காப்புப் பிரதிக்கு ஒரு வட்டு | எஸ்எஸ்டியின் விலை |

அட்டவணையில் வராத ஒன்று யூபிஎஸ். நல்ல மின்கலம் உள்ள மடிக்கணினி தானே ஒரு யூபிஎஸ். மேசைக் கணினியும் மின்கலம் செத்த மடிக்கணினியும் அப்படியல்ல. அவற்றில் மெய்நிகர் பொறி ஓட்ட நினைப்பவர் ரேம் வாங்குமுன் யூபிஎஸ் வாங்கட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் இது இன்னும் பொருந்தும்.

## யாருக்கு எதைச் சொன்னேன்

வந்தாறுமூலை மாணவி டுவல் பூட் செய்ய ஆயத்தமாக வந்தவர். விசிறியைத் துப்புரவு செய்து, ரேமையும் கருக்களையும் குறைத்தபின் அவருடைய மெய்நிகர் பொறியே போதுமாக இருந்தது. வலையமைப்புப் பாடம் எடுத்திருப்பதால் அவருக்கு அதுதான் வேண்டும். அடுத்த தவணையில் 8 ஜிபி ரேம் ஒன்று கூட்டும்படி சொல்லியிருக்கிறேன்; அதற்குமுன் தாய்ப்பலகையில் வெற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது.

ஒலுவில் தம்பியிடம் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொன்னேன். டபிள்யூஎஸ்எல்லும் வேர்ச்சுவல் பொக்ஸும் ஒரே கணினியில் அமைதியாக வாழும் என்று நம்பிப் பரீட்சைக் காலத்தைக் கழிக்க முடியாது. அவருடைய பாடங்களைப் பார்த்தால் எல்லாமே கட்டளைவரியில் முடிகின்றன. வேர்ச்சுவல் பொக்ஸில் இருந்த ஒரே வேலையும் டொக்கருக்குள் போய்விட்டது. ஆகவே டபிள்யூஎஸ்எல் தங்கியது, பச்சை ஆமை விடைபெற்றது.

ஆரையம்பதியில் இருந்து கடந்த கிழமை இன்னொருவர் வந்தார். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்திருக்கும் மகனுக்காக, 4 ஜிபி ரேமும் சுழலும் பழைய வன்வட்டும் உள்ள ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். விண்டோஸ் 10 எழும்பவே ஐந்து நிமிடம். அதற்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தச் செயலியில் முறைப்படி ஏறாது. மெய்நிகர் பொறி அதில் ஓடாது, டபிள்யூஎஸ்எல் மூச்சுத் திணறும். சுழலும் வட்டை ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியால் மாற்றி, லினக்ஸ் மின்டின் இலேசான பதிப்பை மட்டும் நிறுவினேன். அவனுக்கு வேண்டிய பைதனும் தரவுத்தளமும் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸில் இருந்த கோப்புகள் கழற்றிய பழைய வட்டிலேயே கிடக்கின்றன. ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், தேவைப்படும்போது மாட்டிப் பார்க்கலாம்.